முனீஸின் நேரம்

திரையில் தெரிந்த நேரம் இன்னும் வரவே இல்லை. அனுப்பிரியா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்திரண்டு. அந்த வீடியோ கோப்பிலோ இன்றைய தேதியும் மாலை நான்கு பத்தும் விழுந்திருந்தன.

நாளை, துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து ரெக்கார்டுகளைச் சரிசெய்வது மண்ணரைப் பக்கத்து பனியன் கம்பெனிகளில் பண்டிகைக்கு வெள்ளையடிப்பது மாதிரி, யாருக்கும் உறுத்தாது. இந்த முறை சரிசெய்ய வேண்டியது ஒரு சாவை. போன மாதம் ஓர் இரவு, பதினொன்றே முக்காலுக்கு, துணியை ஆவியில் அழுத்திச் சுருக்கும் காம்பேக்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த முனீஸின் கையை உருளைகள் இழுத்துக்கொண்டன. தோள் வரைக்கும். இரவில் ஆள் வைத்து ஓட்டியது தெரிந்தால் ஆர்டர் போய்விடும். அதைப் பிடித்த கேமரா படத்தில் நேரம் ஓடாது. கோப்பில் இருக்கும் நேரம்தான் சாட்சி.

"தேதி அப்படியே இருக்கட்டும் கண்ணு. நேரத்தை மட்டும் சாயங்காலம் நாலு பத்துன்னு மாத்தி வெச்சிரு," என்று முதலாளி ரத்தினசாமி போனில் சொன்னார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சரிங்க என்றாள். லினக்ஸில், கோப்பின் நேரத்தை மாற்றும் 'டச்' கட்டளையை அடித்து, அவர் சொன்னபடி நேரத்தை மட்டும் கொடுத்தாள். தேதி சொல்லாவிட்டால் அது இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும் என்பது, கோப்பின் நேரங்களைக் காட்டும் 'ஸ்டாட்' போட்டுச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது.

ஆளே இல்லாத ஷெட்டிலிருந்து, நேற்றே மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டிய ஷெட்டிலிருந்து, நீராவியின் சீறலும் உருளைகளின் கனத்த முனகலும் ஈரத்துணி வேகும் வாடையும் இரும்புப் படிகள் வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்து அவள் காலடித் தரையை அதிரவைத்தன. இறங்கிப் போனாள். ஆவிக்கு நடுவில் முனீஸ் நின்றிருந்தான். கைகள் இரண்டும் முழுசாக இருந்தன.

"முனீஸு, கையை எடு. வெளிய வந்துரு."

"இந்த ரோலு முடியணும்க்கா. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

தோளைப் பிடித்து இழுத்தாள். உடம்பு சுடச்சுட இருந்தது, ஆனால் ஓரடிகூட நகரவில்லை. அவன் இன்னும் சாகவில்லை. நான்கு பத்துக்குச் சாவான் என்று எழுதியவள் அவள்தான். அவளே தள்ளிப்போட்டால் பிழைத்துக்கொள்வான். படிகளில் ஓடினாள்.

பத்து வருஷம் தள்ளித் தேதி போட்டாள். எண்டர்.

கீழே அலறல். எலும்பு நொறுங்கும் சத்தம், பிறகு சதை கிழியும் சத்தம். அலறல் பாதியில் அறுந்தது.

ஸ்டாட் அடித்தாள். 'மாடிஃபை' வரியில் பத்து வருஷம் கழித்த தேதி சரியாக ஏறியிருந்தது. அதற்குக் கீழே 'சேஞ்ச்' என்றொரு வரி. இன்று, மூன்று ஐம்பத்தெட்டு, ஏழாவது நொடி. அந்த வரி டச் கட்டளைக்குக் கட்டுப்படாது. கோப்பின் நேரத்தில் யார் கைவைத்தாலும், கைவைத்த நொடியைக் கணினியே அங்கே எழுதிவிடும். படித்ததுதான். மறந்துபோயிருந்தாள். அவள் கைவைத்த நொடிதான் அவன் சாகும் நொடி.

மெஷின் மறுபடி ஓடியது. "யக்கா," என்று முனீஸ் கூப்பிட்டான். குரலில் வலியே இல்லை.

அழுதுகொண்டே பழைய தேதியைப் போட்டாள். செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும். எண்டர்.

அலறல். இந்த முறை நீளமாக. எலும்பு. சதை. பிறகு மறுபடி மெஷின். மறுபடி, "யக்கா."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். தொடக் கூடாது. இனி தொடவே கூடாது. பார்க்கலாம். பார்ப்பதால் எதுவும் மாறாது. ஸ்டாட்.

சேஞ்ச் வரியில் மூன்று ஐம்பத்தொன்பது. நாற்பதாவது நொடி.

அந்த நொடியில் அவள் தொடவில்லை.

மறுபடி ஸ்டாட். நாற்பத்திரண்டு. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். திரையில் வரிகள் தாமாகவே ஓடின. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. கீழே நொடிக்கு ஓர் அலறல். நொடிக்கு ஒரு முறிவு.

வாசலில் ஈரமாக ஏதோ உரசியது.

மெஷினின் மறுமுனையில் மடிந்து மடிந்து விழும் துணி, ஷெட்டை நிரப்பி, ஊறிச் சிவந்து, ஆவி பறக்க, படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தது. மடிப்புக்கு ஒரு கை. தோளோடு பிய்ந்து, தட்டையாக நசுங்கி. அந்த விரல்கள்தான் படிகளைப் பற்றிப் பற்றித் துணியை மேலே இழுத்து வந்தன.