முதல் பதில்

சீராளன் இறந்து எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு முடிவதற்குள் முதல்நிலை விசாரணையில் அது கொலை என்று சொல்லும் ஒரு சாட்சியாவது தேறாவிட்டால் வழக்கே கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட ஒப்பந்தக்காரர் கருணாகரன் வீட்டுக்குப் போய்விடலாம்.

சீராளனின் அக்கா அஞ்சலாட்சி, பொய்யைக் கண்டுபிடிக்கும் மெய்க்கோல் கருவியின் முன் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் ஒரு பட்டை, கழுத்தில் ஒன்று. இந்தப் புது நீதிமன்றத்தில் சாட்சியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சாட்சி சொல்லும் முதல் பதிலை மெய்க்கோல் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். அப்போதைய நாடியும் மூச்சும்தான் அளவு. அடுத்து வருவது அதோடு ஒத்துப்போனால் உண்மை, விலகினால் பொய். அறுபது எடுத்தால் தேர்ச்சி. ஐந்து வருடம் சட்டம் படித்த நீதிபதிக்கு எண் வாசிக்கும் வேலை மட்டும் மிச்சமிருந்தது.

"ஆத்தங்கரை நாலாம் சந்து, பதினேழாம் நம்பர்லதானே குடியிருக்கே?" என்றார் நீதிபதி, திரையைப் பார்த்தபடியே.

"ஆமாங்க."

அடையாள அட்டையில் இருக்கிற முகவரிக்கு ஆமாம் போட்டுவிடு, மாற்றிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கிளார்க் வராந்தாவிலேயே சொல்லியிருந்தார். அவள் குடியிருப்புக்காரர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்.

மலக்குழிக்குள் இறங்க மாட்டேன் என்ற தம்பியைக் கருணாகரன் கடப்பாரையால் அடித்ததை அவள் நிதானமாகச் சொன்னாள். மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தது. மெய்க்கோல் இருபத்திரண்டு காட்டியது.

அவளுக்கு முன் எதிர்வீட்டுத் தனபால் வந்து, சீராளன் தானாகக் கால் வழுக்கி விழுந்தான் என்றிருந்தான். அன்று அவன் மாமியார் ஊரில் இருந்தவன். அவனுக்குத் தொண்ணூற்று மூன்று.

"பொய் சொல்றதுக்கும் ஒரு பயிற்சி வேணும்மா," என்றார் கிளார்க்.

நீதிபதி சிரிப்பை அடக்கவில்லை. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று சட்டப்படி கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பேனாவைத் திறந்தார்.

அஞ்சலாட்சி பளபளத்த தரையைப் பார்த்தாள். பிறகு கழுத்துப் பட்டையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள். இவ்வளவு பெரிய கட்டடத்தில் இவ்வளவு படித்தவர்களுக்கு இதை அவள் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இருக்குங்க. நான் இங்க சொன்ன ஒரே பொய் அந்த மொத 'ஆமா'தான். தனபாலும் அதே பொய்லதான் ஆரம்பிச்சான். நாலாம் சந்த இடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. பதினேழாம் நம்பர் வீடு இருந்த எடத்துலதான் நீங்க உக்காந்திருக்கீங்க."