ஆறாவது தூண்

இரண்டு வருடத்துக்கு முன் 'தொம்' என்ற தூண் இன்று 'ணங்' என்றது.

அவள் சுத்தியலைத் தாழ்த்தினாள். பழைய மரவீடுகள் தாங்குமா, விழுமா என்று பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. பதினாறு வருடமாகக் காதை நம்பித்தான் சாப்பிடுகிறாள். இரண்டு தட்டு வேகமாக, ஒரு தட்டு நிறுத்தி, பிறகு மரத்தில் காதை வைக்க வேண்டும். வைரம் பாய்ந்த மரம் ணங் என்னும். உளுத்த மரம் தொம் என்னும். உளுத்தது ஒருநாளும் திரும்பி வந்து ணங் என்னாது. வெட்டிய மரத்துக்குப் புண் ஆறாது.

இது அவள் அண்ணன் வீடு. மாடியில் நீளமாக ஒரே கூடம், நடுவில் வரிசையாக ஆறு தூண்கள். ஆறும் உள்ளே கரையான் தின்ற வெறும் கூடு என்று அன்று எழுதிக் கொடுத்தவளே அவள்தான். ஐந்து தூண்களில் கணுக்காலிலிருந்து தலையுயரம்வரை கூடு. ஆறாவதில் இடுப்புவரைதான். கூடான இடமெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். அண்ணன் அறிக்கையைக் கிழித்துவிட்டு மாடியை வாடகைக்கு விட்டான். அதன்பின் இரண்டு வருடம் பேச்சில்லை. வரும் திங்கட்கிழமை அதே மாடியில் குழந்தைகள் காப்பகம் திறக்கப் போகிறான். முப்பது குழந்தைகள். வேறு யாரும் சான்றிதழ் தர மாட்டேன் என்றபிறகு தங்கை ஞாபகம் வந்திருக்கிறது.

"தூணை மாத்தினியாண்ணா?"

கதவருகில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். "எதுக்கு மாத்தணும்? அன்னைக்கும் நல்லாதான் இருந்துச்சு. உன் காதுதான் உளுத்துப்போச்சு."

"குடியிருந்தவங்க எங்க?"

"போயிட்டாங்க. அஞ்சு பேரு. சொல்லல, கொள்ளல. செருப்பைக்கூட விட்டுட்டுப் போயிருக்காங்க."

"யாரும் தேடலையா?"

"என்ன, மாமனா மச்சானா, நான் போய்த் தேட?" வெளியே போய்க் கதவை இழுத்தான். "உன்கூட வாதாட எனக்கு நேரமில்ல. கையெழுத்து போட்டுட்டுக் கூப்பிடு, திறக்கிறேன்." தாழ்ப்பாள் விழுந்தது.

மதியம் மூன்று மணி. ஜன்னல் வழியே வெயில் தரையில் பாய்போல் விழுந்துகிடக்க, அதில் தூசி மெதுவாகச் சுற்ற, கழுவி மூடிவைத்த டப்பாவைத் திறந்தால் வருமே அந்தப் புளித்த வாடை எங்கிருந்தோ வந்து வந்து போக, பலகைகள் வெயிலுக்குச் சடசடத்து அடங்கிக்கொண்டிருந்தன. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சொன்னவன் சௌகரியம்.

தூணைச் சுற்றி விரலால் தடவினாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, புது ஆணி இல்லை. அவள் போட்ட குறிகூட அப்படியே இருந்தது. இரண்டாவது தூண், ணங். மூன்றாவது, ணங்.

அவளுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள். இரண்டு வேகமாக. ஒன்று நிறுத்தி.

சிரிப்பு வந்தது. அண்ணன் மகள், ஆறு வயது. வந்ததிலிருந்து அத்தையின் சுத்தியலுக்கே அலைந்தவள். அப்பா கதவைச் சாத்துமுன் உள்ளே புகுந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள், குட்டிப் பிசாசு.

"பாப்பா, கையில சிராய் குத்தும். போதும்."

மறுபடியும் தட்டல். அவளும் தட்டினாள். பதில் வந்தது. இப்படியே நான்காவது தூண்வரை விளையாட்டாகவே போயிற்று. அங்கே துளைக்கும் மெஷினை எடுத்து ஊசி மாதிரியான முனையை மரத்தில் வைத்து அழுத்தினாள். முதலில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. காய்ந்த தூள்தான். பிறகு கறுப்பாக, ஈரமாக. முனையை வெளியே இழுத்தபோது அதில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது.

"அத்தை, இன்னும் முடியலையா?"

பாப்பாவின் குரல். ஜன்னலுக்குக் கீழே, முற்றத்திலிருந்து.

தட்டல் நிற்கவில்லை.

முதல் தூணிலிருந்து வந்தது. பிறகு இரண்டாவதிலிருந்து. மூன்று. நான்கு. ஐந்தாவதை அவள் தட்டவேயில்லை. அதுவும் தட்டியது. அவள் கற்றுக்கொடுத்த அதே கணக்கு. உள்ளேயிருந்து.

கால்கள் தாமாகவே பின்வாங்கின. முதுகில் ஆறாவது தூண் இடித்தது. பழக்கதோஷம், கை தட்டிவிட்டது.

தொம்.

இது மட்டும் காலி.

கதவுக்கு ஓடினாள். "அண்ணா, திற."

"போட்டாச்சா?"

"திறண்ணா. இங்க யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைங்களக் கொண்டுவராத."

"கையெழுத்து."

பின்னால் ஐந்து தூண்களும் ஒன்றாகத் தட்டின. முப்பது குழந்தைகளை நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். வெளியே போய் மறுத்துவிடலாம், ஊரைக் கூட்டிச் சொல்லலாம், முதலில் வெளியே போக வேண்டும். காகிதத்தைக் கதவிடுக்கில் தள்ளினாள்.

தாழ் விலகியது. தட்டல் நின்றது.

அண்ணன் கண் காகிதத்தில் இருந்தது. அவன் காலை உரசிக்கொண்டு பாப்பா உள்ளே ஓடினாள். அத்தை கை நீட்டினாள். சட்டைத் துணி விரலில் பட்டு நழுவியது.

பாப்பா கூடத்தின் கோடியில் போய் நின்று, உயரம் பார்ப்பவள் மாதிரி ஆறாவது தூணில் முதுகைச் சாய்த்தாள்.

"அத்தை, இது எனக்குச் சரியா இருக்கு."

நாற்பதடி தூரம். அவள் ஓடினாள். இரண்டு கையாலும் மரத்தைத்தான் பிடித்தாள். பாப்பா இல்லை. விரிசல் இல்லை. கீறல் இல்லை. சாக்பீஸ் குறி மட்டும் ஈரமாயிருந்தது. நகத்தால் மரத்தைப் பிறாண்டினாள்.

அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். அவள் இடுப்பில் செருகியிருந்த சுத்தியலை உருவி, இடுப்புயரத்தில் ஒரு போடு போட்டான்.

ணங்.

"பாத்தியா? கல்லு மாதிரி இருக்கு. இதப்போய் கூடுன்னியே."

உள்ளேயிருந்து தட்டினார்கள். மெல்ல, சின்ன விரல்களால்.

"அட, கழுத," என்று சிரித்தான். "எங்கடி ஒளிஞ்சிருக்க?"

சிரித்தபடியே சுத்தியலை மறுபடியும் ஓங்கினான்.