இரண்டு வயர்

காலையில் மேலாளர் தன் கையாலேயே ஒட்டிய சிவப்பு உலோகப் பொத்தான், மதியம் பார்த்தபோது அழுந்திக் கிடந்தது.

குளிர்பதனக் கிடங்கின் உள்ளறையில் நின்று, அதை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தார். கீழேயிருந்த பித்தளைத் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். ‘அவசரப் பொத்தான்: மேலாளரின் தொலைநோக்கில் உருவானது.’ தன் தொலைநோக்கைத் தானே இரண்டு முறை படித்துக்கொண்டார். நாளை ஆய்வுக்குழு வருகிறது. பெயின்ட் காயட்டும் என்று ஊழியர்களுக்கு அரைநாள் விடுப்பு.

அறைக் கதவைப் பூட்டித் திறப்பது வெளிச்சுவரிலுள்ள உள்ளங்கை அளவு கணினிப் பலகை. அது அவ்வப்போது ஹேங் ஆகும், கதவு திறக்காது. உள்ளேயிருந்தே அதை அணைத்துக் கதவைத் திறக்க ஒரு பொத்தான் வேண்டுமென்று எலக்ட்ரீஷியன் மூன்று முறை கேட்டான்.

“ரெண்டு வயர்தான் சார். அரைமணி நேர வேலை.”

மூன்று முறையும் மேலாளர், “அப்புறம் பார்க்கலாம்பா” என்றார். ஊழியர்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கியிருந்தார்கள். ஒரு விடுமுறை நாளில் கதவு அடைத்துக்கொண்டது. மறுநாள் திறந்தபோது, பொத்தான் வரவேண்டிய இடத்தில் வெறும் சுவரை விரலால் அழுத்தியபடியே எலக்ட்ரீஷியன் விறைத்திருந்தான்.

இப்போது பொத்தான் வந்துவிட்டது. அதன் வயர்கள் இரண்டையும் எதனோடும் இணைக்காமல் சுவர்த் துளைக்குள் செருகியிருந்தார். புகைப்படத்தில் வயரா தெரியப்போகிறது?

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

விசிறிகளின் சீரான இரைச்சலுக்கு அடியில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்க, வெற்று அலமாரிகளின் நிழல்கள் தரையில் நீண்டு வர, அழுகிய பழத்தின் மணத்தையும் புதுப் பெயின்ட்டின் மணத்தையும் விலக்கிக்கொண்டு, வயர் பற்றவைக்கும் ஈயம் உருகும் புகைவாசம் மெல்ல எழுந்தது.

“யாருப்பா வெளியே? நான் மேனேஜர் பேசறேன்.”

பதவி வாயிலிருந்து வெண்ணிற ஆவியாக வெளியேறிக் கரைந்தது. செல்போன் வெளியே அலுவலக மேசையில் சார்ஜில் இருந்தது.

பொத்தானை அழுத்தினார். மீண்டும் அழுத்தினார். தன் தொலைநோக்கிடமே கெஞ்சினார்.

வயர்கள் அசைந்தன. துளைக்குள் நகர்ந்தன. யாரோ நிதானமாக இழுத்தார்கள்.

சுவருக்குள்ளிருந்து, பழைய பணிவு மாறாத குரல்.

“அப்புறம் பார்க்கலாம், சார்.”

விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. குளிர்ந்த உலோகத்தோடு தோல் ஒட்டியிருந்தது.

அந்த விரலின் அடியில், உள்ளேயிருந்து இன்னொரு விரல் பொத்தானை வெளியே தள்ளியது.

ஒரு முறை.

இரண்டு.

மூன்று.