தோல் கிட்டங்கியில் ஒரு குடித்தனக்காரர்

1963 ஜூன். தாராவியில் வீடற்றவர்களுக்காக எங்கள் சங்கம் நடத்திய கொட்டகையை, ரோடு போடுகிறோம் என்று மறுநாள் காலை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் வேறு கூரை கிடைக்காவிட்டால் நாற்பது பேரும் சயான் தெருவில் மழையோடு படுக்க வேண்டியதுதான். மழை என்றால் உங்கள் ஊர் மழை அல்ல. எருமை நின்ற இடத்திலேயே நீந்தும் மழை.

நானும் சங்கச் செயலாளன் பூலோகமும் கடைசியாகப் பார்த்தது ஜெயினுலாப்தீனின் பழைய தோல் கிட்டங்கியை. மனிதர் வாடகையே வேண்டாம் என்றார். பம்பாயில் ஒருவர் இடத்தைச் சும்மா தருகிறார் என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும்.

நாங்கள் உள்ளே போனோம்.

வெளியே உச்சிவேளை, உள்ளே மை இருட்டு. எட்டு வருஷம் பூட்டிக் கிடந்த இடம். உப்புத்தோல் நாற்றம், மூக்கைப் பொத்தினால் காது வழியாக ஏறியது. தீக்குச்சியைக் கிழித்தேன்; ஒட்டடை என் வேட்டி அகலத்துக்குத் தொங்கியது. மேற்கு மூலையில் மட்டும் தரையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. அங்கே ஒரு பானை.

விளிம்புவரை தண்ணீர்.

“காலியா கெடக்குங்கிய. இதுல தண்ணி ஆரு ஊத்துனது, பாய்?” என்றான் பூலோகம்.

“எனக்கென்ன தெரியும்? அல்லா மேல ஆணையா ஆரையும் குடிவைக்கல.” ஜெயினுலாப்தீன் வாசற்படியைத் தாண்டவே இல்லை.

பூலோகம் என் காதைக் கடித்தான். “அண்ணாச்சி, எவனையோ உள்ள ஒளிச்சு வச்சிருக்காரு. நாள பின்ன நாந்தான் குடித்தனக்காரன்னு அவன் கோர்ட்டுக்குப் போவான், பாத்துக்கிடுங்க.”

நியாயமான சந்தேகம். அப்படியொரு கேஸ் வந்தால் என் கொள்ளுப்பேரன்தான் தீர்ப்புக் கேட்பான். பானையைக் கவிழ்த்துவிட்டு, தேங்காய் பருமனில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் நாற்பது பேரோடு வந்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன்.

பானை நிமிர்ந்திருந்தது.

தண்ணீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.

“திரும்பிருவோம், அண்ணாச்சி.” பூலோகத்தின் குரல் பூனைக்குட்டியின் குரலாகியிருந்தது.

“எங்கல திரும்ப? அங்க கூரையப் பிரிச்சாச்சு.”

அதற்குள் மழையே எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டது. துண்டு விரித்து ஆளாளுக்கு இடம் பிடித்தார்கள். மேற்கு மூலைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. கடைசியாகக் காய்ச்சலோடு வந்த முருகம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தடவித் தடவி அங்கேயே போய்ச் சுருண்டுவிட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் போனேன்.

“ஆச்சி, இங்க வேண்டாம். வேற எடம் பாத்துத் தாரேன்.”

“எதுக்குய்யா? இந்தா படுத்திருக்கவ தங்கமான மனுஷி. கொஞ்சம் தள்ளிப் படும்மான்னேன். ஒரு வார்த்தை பேசாம தள்ளிக்கிட்டா. தன் சாக்குலயும் பாதி குடுத்திருக்கா.”

முருகம்மாளுக்கு அந்தப் பக்கம் சுவர்தான்.

அவளுக்கடியில் கிடந்த சாக்கு எங்கள் யாருடையதும் அல்ல. அதன் மறுபாதி ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாக இன்னும் ஒரு சாண் சுவர்ப்பக்கம் ஒதுங்கியது.

எனக்கும் இடம் விட்டு.