சிங்குக்கு அடியில் முடியும் கதை

அன்று செவ்வாயா புதனா என்பது சரியாக நினைவில்லை. நாற்றம் முதலில் வந்ததா, எண்ணிக்கை முதலில் பிசகியதா என்பதிலும் சந்தேகம்தான். கதைக்காரர் எழுதித் தந்தது பதினொரு முடிவுகள். அவள் எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. அது மட்டும் நிச்சயம்.

வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்துப் போகும் செல்போன் கதைகளில், ஒவ்வொரு கிளையிலும் கடைசிவரை போய்ப் பார்த்து முடிவுகளை எண்ணுவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'முடிவுக்காரி' என்றே பேர். கதை தொடங்கும்போது நாயகியின் பெயரைக் கேட்கும். அங்கே வீட்டு ஆள் யாரையாவது தட்டிவிடுவது எண்ணுகிறவர்களின் பழக்கம். அவள் எப்போதும் 'அக்கா' என்று போடுவாள். வீட்டில் அவளுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான்.

பன்னிரண்டாவது முடிவில், சமையலறையில் பரவிய வாடையைத் தேடி அக்கா குனிந்து, சிங்குக்கு அடியில் குழாய் போகும் ஓட்டைக்குள் கையை விடுகிறாள். கொழகொழவென்று, வெதுவெதுப்பாக, ஈர முடி அப்பிய ஏதோ ஒன்று, பல் முளைக்காத குழந்தையைப் போல அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பத் தொடங்குகிறது. படித்தவளுக்கு வாயில் ஊறிய எச்சிலை விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது.

"இந்தக் கண்றாவியை ஏன் சார் எழுதினீங்க?"

"எதை? பதினொண்ணுக்கே நான் பட்ட பாடு போதும்மா. நீ சாப்பிட்டுட்டுத் தூங்கிக்கிட்டே எண்ணியிருப்ப," என்று சிரித்தார் கதைக்காரர்.

மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான். ஆனால் அக்கா ரயிலேறித் தப்பிக்கும் முடிவைக் காணோம். அங்கேயும் சிங்க், அங்கேயும் அந்தச் சப்பல். மூன்றாம் முறை, நான்கு முடிவுகள் அப்படி. எண்ண எண்ண நல்ல முடிவுகள் அழுகின.

அவளுடைய சொந்த போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, எலி ஏதாவது செத்துக் கிடக்கா? சிங்குக்கு அடியில நாத்தம் குடலைப் புடுங்குது."

"அக்கா, உள்ள கையை விட்டுடாதே! வெளிய போயிடு!"

"பைத்தியமாடி உனக்கு? நான் வெளிய போனா நாத்தம் போயிடுமா? இரு... என்னமோ வழவழன்னு..."

அப்புறம் போனில் சப்பும் சத்தம். ஈரமாக. நிதானமாக.

அலுவலகப் போனின் திரையில் இரண்டு பொத்தான்கள். 'கையை இழு.' 'இன்னும் உள்ளே விடு.' இரண்டும் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். இழுத்தால் தோல் உரிந்து உள்ளேயே தங்கும். இன்னும் உள்ளே விட்டால் ஆளே போய்விடுவாள்.

எதையும் அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

கதைக்காரர் வேலையை விட்டுவிட்டார். கதை வெளியாகவில்லை. முடிவுக்காரி வீட்டோடு இருக்கிறாள். அந்தப் போனைச் சார்ஜிலிருந்து எடுப்பதில்லை, பொத்தான்களைத் தொடுவதுமில்லை. அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். சமையலறைத் தரையில் மண்டியிட்டு, தோள்வரை கை உள்ளே, கன்னம் சுவரோடு ஒட்டியபடி. கரண்டியால் ஊட்டினால் விழுங்குகிறாள். அவள் விழுங்கும்போதெல்லாம் சுவருக்குள்ளும் ஏதோ விழுங்குகிறது.