மஞ்சள் காரின் வலை

"உங்க அப்பா வண்டிய விட எங்க வீட்டுப் புல் வெட்டுற மெஷின் வேகமாப் போகும்," என்றான் வெஸ்லி.

"அப்போ உங்க அப்பா அதையே ஓட்டியிருக்கலாமே," என்றாள் நடீன்.

இருவரும் பார்வையாளர்களுக்கான மேல் வரிசைப் பலகையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கீழே, முட்டை வடிவத்தில் இருந்த சின்னப் பந்தயத் தடத்தில், இருபது பழைய கார்கள் காது கிழியச் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் போன மஞ்சள் கார் வெஸ்லியின் அப்பா டுவைட்டுடையது. அதை ஒட்டியே போன பச்சைக் கார் நடீனின் அப்பா ஹார்லனுடையது.

அதற்குள் மூன்று மோதல்கள் ஆகிவிட்டன. யாரும் பயப்படவில்லை. அந்தக் கார்களில் ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஒரு வலை கட்டியிருக்கும். மோதியதும் ஓட்டுநர் அதை அவிழ்த்துக் கீழே விட்டால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். மூன்று முறையும் வலை விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

இன்னும் ஐந்து சுற்று இருந்தது. வளைவில் பச்சைக் கார் மஞ்சள் காரைப் பின்னாலிருந்து முட்டியது. லேசாகத்தான். முந்திப் போக எல்லோரும் செய்வதுதான். ஆனால் மஞ்சள் கார் குறுக்கே திரும்பி, நேராகச் சுவரில் மோதி, அப்படியே நின்றுவிட்டது.

சிவப்புக் கொடி அசைந்தது. எல்லாக் கார்களும் நின்றன.

வெஸ்லி எழுந்து நின்றான். நடீனும் எழுந்தாள். வலை விழவில்லை.

சிவப்புக் கையுறை மாட்டிய மீட்புக்காரர்கள் காரை நோக்கி ஓடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வலை விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றாள் நடீன்.

"அது அப்பா கை இல்ல," என்றான் வெஸ்லி. "அப்பாவோட கையுறை கறுப்பு. அது சிவப்பு."

கைதட்டல் மெல்ல அடங்கியது.

வெஸ்லியின் அம்மா கீழ் வரிசையிலிருந்து எழுந்தார். "இங்கயே இரு, வெஸ்லி. எங்கயும் நகரக் கூடாது. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." படிகளில் இறங்கி ஓடினார். ஆம்புலன்ஸ் டுவைட்டோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

பந்தயம் மறுபடி தொடங்கி, மீதிச் சுற்றுகளும் முடிந்தன. பச்சைக் கார் ஜெயித்தது.

ஜெயித்தவரின் குடும்பத்தைப் படம் எடுக்க வரச்சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. நடீனின் அத்தை வெர்னா தலைமுடியைச் சரி செய்துகொண்டே, "வா, நடீன்," என்றார்.

"நான் வரல, அத்தை. வெஸ்லி தனியா இருக்கான்."

"உங்க அப்பா தேடுவாரு."

"இங்க இருக்கேன்னு சொல்லுங்க."

அத்தை போனார். வெஸ்லி நடீனைப் பார்க்காமலே, "உங்க அப்பாதான் இடிச்சாரு," என்றான்.

வேண்டுமென்றே செய்யவில்லை, பந்தயம் என்றால் அப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்லும் பதில்களெல்லாம் நடீனுக்குத் தெரியும். அவள் அவற்றைச் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள்.

"நீ போ."

"போகமாட்டேன்."

"அப்போ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

திருப்பிக்கொண்டாள்.

பலகைகள் காலியாயின. கூட்டிப் பெருக்குகிறவர் வந்து, "காலத் தூக்குங்க," என்றார். இருவரும் ஒன்றாகக் காலைத் தூக்கினார்கள். அவர் கடலைத் தோலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"அம்மா என்னை மறந்துட்டாங்களா?" என்று வெஸ்லி கேட்டான்.

நடீன் யோசித்தாள். "இல்ல. அவங்க ஆம்புலன்ஸ்ல போனாங்க. திரும்பி வர வண்டி ஏது? நாமதான் போகணும்."

"நகரக் கூடாதுன்னாங்களே."

அப்போது ஹார்லன் படியேறி வந்தார். முகமெல்லாம் தூசி.

"அப்பா, வெஸ்லிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவங்க அம்மாவுக்கு முதல்ல போன் பண்ணிச் சொல்லிடுங்க."

ஹார்லன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "என்னைப் பாக்க அவங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியலயே, நடீன்."

"உங்களப் பாக்க இல்லப்பா. வெஸ்லியப் பாக்க."

அவர் போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியவர் கீழே இறங்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றார்.

உள்ளே, வெஸ்லியின் அம்மா அவனை ஓடிவந்து அணைத்துக்கொண்டார். "உயிருக்கு ஒண்ணுமில்லடா. ஆனா முதுகுல பலமான அடி. இனிமே பந்தயத்துல ஓட்ட முடியாதாம்." பிறகு அவனை அறைக்குள் கூட்டிப்போனார்.

நடீன் வெளியே சுவரோரமாக நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

வெஸ்லி திரும்பி வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. "அப்பா முழிச்சிருக்காரு. யாரு ஜெயிச்சதுன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"உங்க அப்பான்னு சொன்னேன். ரொம்ப நேரம் மேலயே பாத்துட்டிருந்தாரு. அப்புறம், ஹார்லன் எங்கன்னு கேட்டாரு." வெஸ்லி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வண்டியில உக்காந்திருக்காருன்னேன். கூட்டிட்டு வரச் சொன்னாரு."

இருவரும் வெளியே போனார்கள். வண்டிக் கதவை வெஸ்லிதான் திறந்தான்.

"மிஸ்டர் ஹார்லன், அப்பா கூப்பிடுறாரு."

ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுக்க ஹார்லனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே இறங்கியவர், வழி தெரியாதவர்போல் நின்றார். நடீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"இந்தப் பக்கம்," என்று சொல்லிவிட்டு வெஸ்லி முன்னால் நடந்தான்.