ஒரு மாத்திரை கூடுதல்

"எங்க அண்ணன் சாகும்போது என்னைத் தீமைன்னு சொல்லிட்டுப் போயிட்டான் சார். நாளைக்குப் போலீஸ் வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்களாம். அதுகூடப் போகட்டும். அந்தச் சொல்லைத்தான் என்னால தாங்க முடியலை."

அந்த அம்மாள் அழுது முடிக்கட்டும் என்று துப்பறிவாளர் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய உதவியாளனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

இறந்தவர் லத்தீன் பேராசிரியர், இதய நோயாளி. அவர் தினமும் போடும் மாத்திரையே உடலில் அளவுக்கு மீறி இருந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை எடுத்துக் கொடுப்பது தங்கையின் வேலை. கடைசி மூச்சில் அவளைப் பார்த்து ஒரு லத்தீன் சொல்லைச் சொன்னாராம். பக்கத்தில் இருந்த ஆய்வு மாணவன் அதற்குத் 'தீமை' என்று போலீஸிடம் பொருள் சொன்னான். போதாதா!

"அந்தச் சொல் ஞாபகம் இருக்காம்மா?"

"மறக்குமா? மாலும்."

"முதல் எழுத்து எத்தனை மாத்திரை?"

"ஐயோ, நான் ஒண்ணுதான் சார் கொடுத்தேன்!"

உதவியாளனுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. இருமுவதுபோல் சமாளித்தான்.

"நான் கேட்டது எழுத்தோட நீளம்மா. 'ம'வா, 'மா'வா?"

"மா. நல்லா இழுத்துத்தான் சொன்னான்."

"அப்போ உங்க கையில என்ன இருந்தது?"

"அவன் மிச்சம் வச்ச கிண்ணம். பல்லு இல்லாதவன், ஆப்பிளைத் துருவித்தான் சாப்பிடுவான். அன்னைக்கு அவன்கிட்ட ஆய்வு பண்ற அந்தப் பையன் துருவிக் கொடுத்தான். வீணாப் போகுதேன்னு ஒரு வாய் போடப் போனேன். அண்ணன் சாய்ஞ்சதும் கிண்ணம் விழுந்து உடைஞ்சிடுச்சு. பையன்தான் பெருக்கி எடுத்தான்."

மூவரும் அவள் வீட்டுக்குப் போனபோது, ஆய்வு மாணவன் பேராசிரியரின் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். துப்பறிவாளர் மேஜையிலிருந்த ஆப்பிளை எடுத்தார்.

"தம்பி, இதுக்கு லத்தீன்ல 'மலும்'தானே?"

"மாலும்!" என்றான் அவன் வெடுக்கென்று. "நெடில். குறிலாச் சொன்னா அர்த்தமே மாறிடும். லத்தீன் செய்யுள் முழுக்கக் குறில் நெடில் கணக்குலதான் நிக்குது. ஒரு எழுத்து தப்பினா அடியே நொண்டும். அதுக்காகத்தான் சார் என் ஆய்வை..."

துப்பறிவாளர் அந்த வாக்கியத்தை முடித்து வைத்தார்.

"வருஷா வருஷம் திருப்பி அனுப்பினாராக்கும். அப்படிப்பட்டவர் சாகும்போது தப்பு விடுவாரா? லத்தீனே தெரியாத இந்தம்மா காதுல விழுந்தது நெடில். போலீஸ்கிட்ட நீங்க அதை ஏன் குறிலாக்கித் 'தீமை'ன்னு சொன்னீங்க?"

"மூச்சுத் திணறி இழுத்திருப்பார்னு நினைச்சேன்..."

"இருக்கலாம். ஆப்பிள்னும் ஒரு பொருள் இருக்குன்னு ஏன் சொல்லலை?"

அதற்குள் உதவியாளன் அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்திருந்தான். "சார்! கிண்ணத்துலேருந்து சிதறினது இங்கே காய்ஞ்சு ஒட்டியிருக்கு. மேல வெள்ளையா ஏதோ தூள், மாத்திரையைப் பொடிச்ச மாதிரி!"

ஆய்வு மாணவன் நாற்காலியில் சரிந்தான். "ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எழுத்து சார்," என்று முனகினான்.

தங்கை அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அப்ப அண்ணன் என்னைத் திட்டலையா?"

"இல்லம்மா. நீங்க அதைச் சாப்பிடப் போறதைப் பார்த்துட்டார். ஒரு வார்த்தைக்குத்தான் மூச்சு இருந்தது. உங்களைத் தடுக்கத்தான் அதைச் சொன்னார்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி!" என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள் அவள்.